வட்டியூர்க்காவில் ஸ்டால் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தையல்காரன் சொல்வது

களியக்காவிளை சந்தைக்குப் பக்கத்தில் எனக்குத் தையல் கடை. வீடு கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். அதனால் வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வருகிறோம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழும்பிய ரேஞ்ச் அது. 2018-இல் தேசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேதான் நடந்தது. கொஞ்சம் பெரிய போட்டி என்றால் வெளியே பந்தல் போட்டு ஜாக்கெட், பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சின்னக் குண்டு), ஷூ, கண்ணாடி விற்கிறவர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் இந்தச் சாமான்களைத் தொட்டுப் பார்க்கக்கூட ஒரு கடை கிடையாது. ஆகவே அந்த இரண்டு மூன்று நாளை வீணாக்காமல் இருக்க வழி தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது எல்லாம் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டதுதான்.

முதல் விஷயம், பிள்ளை சுடுவதற்கு முன்னால் ஸ்டால் பக்கம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். புது கையுறையைப் பார்த்தால் ஆசை வரும், வாங்கினால் மாட்டத் தோன்றும், மாட்டினால் கை வேறு மாதிரி நிற்கும். நாங்கள் காலையில் தம்பானூரில் பஸ் இறங்கி நேரே ரேஞ்சுக்குத்தான். அவள் முறை முடிந்து, ஸ்கோர் ஒட்டி, ஒரு கட்டன் சாயாவும் பழம்பொரியும் ஆன பிறகுதான் கடைகள். சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பெல்லட் என்பது ஈயம். விரலில் கறுப்பாக ஒட்டியிருப்பது அதுதான்.

போகும்போது வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். பிள்ளையின் பழைய ஜாக்கெட், அவள் இப்போது சுடுகிற பெல்லட்டின் காலி டின், ரைபிளில் காற்று அடைக்கும் சிலிண்டரில் அடித்திருக்கும் எழுத்துகளின் போட்டோ, ஒரு தையல் டேப். போனில் சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் இப்போதைய விதிப் புத்தகம். விற்கிறவர் "இது அப்ரூவ்டு சேட்டா" என்று சொன்னால் எந்த விதியில் என்று கேளுங்கள். நல்ல வியாபாரி கோபப்பட மாட்டார், பக்கத்தைத் தேடிக் காட்டுவார்.

ஜாக்கெட் விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன், அது என் தொழில். நான் முதலில் பார்த்தபோது சிரித்தேன். கேன்வாஸ் துணி, உள்ளே தோல் வைத்த முழங்கை, அஞ்சு பட்டன். இதற்கா இவ்வளவு பணம், நானே தைத்துத் தருகிறேன் என்றேன். மகள் பேசவில்லை. பழைய ஜாக்கெட்டில் இடுப்புப் பக்கம் துணி நைந்திருந்தது. உள்பக்கமாக இன்னொரு துண்டு கேன்வாஸ் வைத்து, நெருக்கித் தையல் போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் உபகரணச் சோதனையில் அந்த இடத்தை அளவுக் கருவிக்குள் வைத்தார்கள். ஐந்து கிலோ எடை வட்டமாக அழுத்தும், அப்போது துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. முழங்கையிலும் ரைபிள் கட்டை ஊன்றும் தோளிலும் கூடுதல் தடிமன் அனுமதி உண்டு. இடுப்பில் கிடையாது. என் தையல் பளபளவென்று தோற்றுவிட்டது. ராத்திரி லாட்ஜில் பிளேடால் தையலைப் பிரித்தது நான், பக்கத்தில் உட்கார்ந்து நூல் பொறுக்கியது அவள். "அப்பா, இனி ஜாக்கெட்டைத் தொடாதே" என்றாள். சரி என்றேன்.

அதனால் ஸ்டாலில் ஜாக்கெட் மாட்டிப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நிற்பது போதாது. பட்டனைப் போட்டுவிட்டு, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். முன்பக்கத் துணியை இழுத்தால் பட்டன் தன் துளையைத் தாண்டி 70 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். சோதனையில் இதை இழுவைக் கருவி வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். கையால் இழுப்பது தோராயக் கணக்குதான், ஆனால் டேப் வைத்தால் இரண்டு விரல்கூட நகராத ஜாக்கெட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். வளரும் பிள்ளைக்கு மிச்சம் வேண்டும், அதே நேரம் தொளதொளவென்று இருந்தால் முதுகுக்குத் தாங்கல் இருக்காது. பள்ளிச் சீருடை போல "அடுத்த வருஷமும் போடலாம்" என்று பெரிதாக எடுக்காதீர்கள். பிறகு ரைபிள் தூக்கும் நிலையில் நிற்கச் சொல்லி, இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்காரும் இடத்தில் துணி மடிகிறதா என்று குனிந்து பாருங்கள். மடிந்தால் அந்த அளவு வேண்டாம். ஷூவுக்கும் இதே கதைதான்: அடிப்பாகத் தடிமன் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

குறி பார்க்காத கண்ணை மறைக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் ஸ்டாலில் வாங்காதீர்கள். அகலம் 30 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது பெல்லட். இங்கேதான் ஸ்டாலுக்குப் போவதன் லாபம் உண்மையில் இருக்கிறது. எல்லாம் 4.5 மில்லிமீட்டர் என்றாலும், டின் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்: தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று இருக்கும், கூடவே லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண். ஒவ்வொரு பாரலுக்கும், அதாவது குழலுக்கும், ஒவ்வொன்று பிடிக்கும். தோழியின் ரைபிளில் பத்துப் பெல்லட்டும் ஒரே துளையில் போனதை உங்கள் ரைபிளில் எதிர்பார்க்க முடியாது. நாங்கள் செய்வது இது: முதல் நாள் மூன்று அளவில் ஒவ்வொரு டின் வாங்குவோம். பயிற்சி லேன் கிடைத்தால் ரைபிளைத் தாங்கியில் வைத்து ஒவ்வொன்றிலும் பத்து. காகிதத்தில் துளை எது சின்னதோ, அந்தச் சீட்டில் இருக்கும் அதே லாட் எண்ணில் மறுநாள் காலையில் வேண்டியதை வாங்கிவிடுவோம். அதே பெயர், அதே அளவு, வேறு லாட் என்றால் அது வேறு பெல்லட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் தள்ளுபடிக்காகக் காத்திருந்து ஒருமுறை லாட்டை இழந்தோம். பையும் தொப்பியும் கடைசி நாள் பேரம் பேசி வாங்கலாம், பெல்லட்டை அல்ல. வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். பெல்லட்டின் பின்பக்க விளிம்பைப் பாவாடை என்பார்கள், அது நசுங்கியது இரண்டு மூன்று கண்ணில் பட்டாலே வேறு டின் கேளுங்கள்.

பழைய ரைபிள் விற்கிறவர்களும் அங்கே வருவார்கள், அல்லது ஸ்டால்காரரே "ஒரு பையன் விடுகிறான்" என்று காட்டுவார். வெளிநாட்டு ரைபிள் புதிதாக இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் பழையதன் மேல் நமக்குக் கண் போகும். போகட்டும், ஆனால் ரைபிளின் பளபளப்பைப் பார்க்கும் முன் காற்று சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அதில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். பொதுவாகப் பத்து வருஷம் தாண்டினால் அதன் காலம் முடிந்தது. 200 பாரில் காற்று அடைத்த பாத்திரத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் விளையாட்டு இது. புது சிலிண்டர் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். காலையில் பிரஷர் மானியில் ஊசி எங்கே என்று போட்டோ எடுங்கள், சாயங்காலம் மறுபடி பாருங்கள். யாரும் சுடாமலே இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது.

கையில் எடுக்கும் முன் கேளுங்கள். பாரலில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும், குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது, ட்ரிகரில் விரல் போகக் கூடாது. காலி துப்பாக்கிதானே என்று சொன்ன ஒரு மாமாவை நடுவர் வந்து வெளியே அனுப்பியதைப் பார்த்தேன். 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூல் சக்தி என்ற வரம்புக்குள் வரும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் விற்பவர் அடையாள அட்டை நகல் கேட்பார், கொடுங்கள், பில்லில் ரைபிள் எண் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் எல்லை தாண்டித் திரும்புகிறவர்களை இஞ்சிவிளையில் யாராவது பையைத் திறக்கச் சொன்னால் அந்தப் பில்தான் பேசும்.

கடைசியாக, ரிப்பேர் மேசை. பெரிய போட்டியில் ஒரு மூலையில் ஸ்க்ரூ டிரைவரும் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையமுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். விற்பனைக்காரர்களைவிட அவரிடம் அதிக நேரம் நில்லுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்று நடுவில் கோளாறு ஆனது. நேரம் போனது, 575 எடுத்தும் இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் தவறியது. உலகத் தரத்திலேயே அப்படி. என் மகள் அந்த மேசையில் நின்றுதான் தன் ரைபிளில் எந்த ஸ்க்ரூ தளரும், எந்த சீல் முதலில் போகும் என்று கற்றாள். இரண்டு ஓ-ரிங் வாங்கி டப்பாவில் வைத்திருக்கிறாள்.

போன முறை அந்த மேசைக்காரரின் பை ஜிப் போயிருந்தது. என் பையில் எப்போதும் ஊசியும் மெழுகு நூலும் உண்டு. பத்து நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் ரைபிளைக் கேட்டு வாங்கி, மகளின் ட்ரிகரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். அதற்கு அவரும் வாங்கவில்லை.