கழுத்தில் கத்தி வைக்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள்

போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர் ஓ.பி. சீட்டை என்னிடம் நீட்டினார். 'இடது தாடைக்குக் கீழே நெறி, அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். "வாயைப் பார்த்தியாப்பா?" என்றேன். "பல் சொத்தை இருக்கு சார்" என்றார். அந்த அம்மா கன்னத்தில் புகையிலையை அதக்கியபடியே உட்கார்ந்திருந்தார். 20 வருடங்களுக்கு முன் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். வாய்ப்புற்றுநோய் கழுத்தில் நெறியாக, அதாவது வீங்கிய நிணநீர்க் கணுவாக, வரும்போது நாம் செய்யும் தவறுகள் இவை.

வாயைப் பார்க்காமல் நெறியை அறுப்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கழுத்துக் கட்டியோடு வருபவர்கள் 'நெறி கட்டியிருக்கு' என்றுதான் சொல்வார்கள். கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில் கட்டும், சொத்தைப் பல்லுக்குக் கழுத்தில் கட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. நாமும் அதே வழியில் போய், பல் காரணமில்லையென்றால் காசநோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படித்தான் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் காவலில் இருந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "வலியே இல்லைங்க" என்றார். வலியில்லாமல், கல் மாதிரி கெட்டியாக இருந்த அந்த நெறி அப்போதே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தேன். சுற்றிலும் ஒட்டியிருந்ததால் மூன்று துண்டாக வந்தது. பத்து நாளில் முடிவு வந்தது: செதிள் செல் புற்றுநோய், வேறெங்கிருந்தோ பரவியது.

அப்புறம்தான் காஸ் துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, விளிம்பு தடித்த புண். "இது நாலு மாசமா இருக்குங்க, நீங்க கேக்கலையே" என்றார்.

கெட்டது என்னவென்றால், கழுத்தின் நிலையை இனி யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. புற்றுநோயின் நிலையைக் குறிக்கும் அமெரிக்க வரையறையான ஏ.ஜே.சி.சி.யின், 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பின்படி, புண் இருக்கும் பக்கத்தில், நோய் கணுவின் மேலுறையைத் தாண்டாத ஒரே கணு, 3 செ.மீ.க்குள் என்றால் என்1 (கணுக்களில் நோய் பரவிய நிலையைச் சொல்லும் குறி 'என்'). 3க்கு மேல் 6 வரை என்2ஏ. அதே பக்கத்தில் பல கணுக்கள் என்றால் என்2பி. நோய் உறையைத் தாண்டியது கண்ணுக்கும் கைக்கும் தெளிவாகத் தெரிந்தால், அளவு எதுவானாலும் என்3பி. துண்டு துண்டாக வந்த கணுவில் என்ன அளவெடுப்பது? உறை கிழிந்தது நோயாலா, என் கத்தியாலா? உறை தாண்டியிருந்தால் அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்ப்போம். உடம்பை உலுக்கும் மருந்து அது. அந்தப் பெரியவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை என் ஒரு வெட்டு இருட்டில் தள்ளிவிட்டது. பிறகு முழுக் கழுத்தையும் திறந்தபோது பழைய தழும்பையும் தோலோடு எடுக்க வேண்டியிருந்தது. அடியில் எல்லாம் ஒட்டிக் கிடந்தது.

அதனால் வரிசை இதுதான். முதலில் புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்க்குப் பின்புறம், எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து விரலாலும் தடவுங்கள். நெறிக்கு மெல்லிய ஊசிப் பரிசோதனை போதும். 'ஊசி குத்தினால் பரவிடும்' என்று பயப்படுபவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஊசியில் தெளிவில்லை என்றால் மறுபடி குத்துங்கள். லிம்போமா (நிணநீர்க் கணுவிலேயே தொடங்கும் புற்றுநோய்) சந்தேகம் வந்து முழுக் கணு தேவைப்பட்டாலும், வாயும் தொண்டையும் பார்த்து முடித்த பிறகுதான்.

ஆண்டிபயாடிக்கில் சுருங்கினால் நிம்மதியாவது

கூட இருந்த கிருமித்தொற்றின் வீக்கம் வற்றியிருக்கலாம். இரண்டு வாரம் தாண்டிய வாய்ப்புண்ணுக்குச் சதைப் பரிசோதனைதான்.

கையில் படவில்லை, ஆகவே ஒன்றுமில்லை

கைக்குத் தட்டுப்படாத கணுவிலும் நோய் ஒளிந்திருக்கும். மும்பை டாடா மெமோரியலில் டிக்ரூஸ் குழு நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோயில், கழுத்தில் எதுவும் தென்படாதபோதே கணுக்களை எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கடந்து உயிரோடு இருந்தார்கள். நெறி தெரிந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று பென்னாகரம் மலையிலிருந்து இறங்கி வந்தவரிடம் சொல்லும்போது இந்த இரண்டு எண்களும் எனக்கு நினைவுக்கு வரும். அவர் திரும்பி வர ஆறு மாதமும் ஆகலாம்.

'புளியங்கொட்டை அளவு' என்று எழுதுவது

செ.மீ.யில் அளந்து எழுதுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் தடவுவது

நாக்கிலிருந்தும் வாயின் தரையிலிருந்தும் நிணநீர் கழுத்தின் இரு பக்கமும் வடியும். எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கணுவில் நோய் இருந்தாலே என்2சி. நோயாளிக்குப் பின்னால் நின்று, தலையை அந்தந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லித் தடவுங்கள்.

லெவல் எழுதாத டப்பா

அறுவையில் எடுத்த கணுக்களை, கழுத்தின் எந்தப் பகுதியிலிருந்து (லெவல்) வந்தன என்பதைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனி டப்பாவில் போட்டு, அங்கேயே பேனாவால் எழுதுங்கள்.