எக்ஸ்பாட் இல்லாமல் நின்றுபோன பெர்ல் மாட்யூல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்காக நான் பார்த்துக்கொள்ளும் உபுண்டு சர்வரில், ஆர்டர் விவரங்களை எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து படித்தெடுக்கும், பெர்ல் மொழியில் எழுதிய நிரல் ஒன்று ஓடுகிறது. புதிய சர்வருக்கு மாறிய அன்று, அதற்குத் தேவையான எக்ஸ்எம்எல்::பார்சர் என்ற மாட்யூலை (ஆயத்த நிரல் தொகுதியை), பெர்ல் மாட்யூல்களின் இணையக் களஞ்சியமான சிபான் வழியாக நிறுவ முயன்றபோது, தொகுக்கும் (கம்பைல் செய்யும்) படிகளைச் சொல்லும் கோப்பான மேக்ஃபைல் உருவாகவில்லை என்ற செய்தியுடன் வேலை நின்றுவிட்டது.

கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு சோதனை தோற்றாலும் நிறுவச் சொல்லும் ஃபோர்ஸ் கட்டளையை இருமுறை கொடுத்தது என் அவசரப் புத்தி. கட்டுவதற்கு மேக்ஃபைலே இல்லாதபோது எதை வற்புறுத்துவது? பிறகு பொறுமையாகத் திரையை மேலே நகர்த்திப் படித்ததில், எக்ஸ்பாட் முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும், வழக்கமான இடங்களில் அதைக் காணவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எக்ஸ்பாட் என்பது எக்ஸ்எம்எல்லைப் படிப்பதற்காக சி மொழியில் எழுதப்பட்ட நிரல் நூலகம். இந்த மாட்யூல் அதன்மேல் அமர்ந்த மேலுறைதான். சர்வரில் நூலகம் இருந்தது, ஆனால் தொகுப்பதற்குத் தேவையான எக்ஸ்பாட்.எச் என்ற தலைப்புக் கோப்பு (நூலகத்தின் செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்பு) இல்லை. உபுண்டுவில் அது லிப்எக்ஸ்பாட்1-டெவ் என்ற தனிப் பொதியில் வருகிறது.

அதை உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் மூலம் நிறுவி, சிபானின் பில்ட் கோப்புறையில் கிடந்த பழைய மிச்சத்தை அழித்துவிட்டு மீண்டும் முயன்றேன். சோதனைகள் அனைத்தும் தேறி மாட்யூல் அமர்ந்தது. ஆயத்தப் பொதியாகவே இந்த மாட்யூல் உபுண்டுவில் கிடைக்கிறது என்றாலும், நான் தனியாகத் தொகுத்து வைத்திருக்கும் பெர்லுக்கு அது பயன்படாது.