'ஆனர்' என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஆங்கில 'ஆனர்' வரும் இடத்தில் எல்லாம் என் பேனா நின்றுவிடும். அகராதியைத் திறந்தால் மரியாதை, மானம், கௌரவம், பெருமை, மதிப்பு என்று வரிசையாக இருக்கும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வாக்கியம் பார்க்கத் தமிழாக இருக்கும், படித்தால் ஒன்றும் புரியாது.

புதிதாக வருபவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். சொல்லைத் தேடும் முன், இந்த 'ஆனர்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறர் ஒருவருக்குத் தருவதா? அவருக்குள்ளேயே இருப்பதா? அல்லது அவர் செய்து முடிக்க வேண்டிய காரியமா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறர் தருவது என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மரியாதை, சிறப்பு, விருது என்று இடத்துக்கு ஏற்ப அமைந்துவிடும். ராணுவத்தில் 'கார்ட் ஆஃப் ஆனர்' அணிவகுப்பு மரியாதை. விழாவுக்கு வரும் 'கெஸ்ட் ஆஃப் ஆனர்' சிறப்பு விருந்தினர். மேடையில் ஒருவர் "இங்கே பேசுவது எனக்கு ஆனர்" என்று தொடங்கினால், "பேசக் கிடைத்ததில் பெருமைப்படுகிறேன்" என்று எழுதினால் போதும். அந்த இடத்தில் மானத்தை இழுக்க வேண்டாம். திருக்குறளில் 97ஆம் அதிகாரம் மானம், அடுத்த 98ஆம் அதிகாரம் பெருமை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் வள்ளுவர் தனித்தனியாக வைத்திருக்கிறார். மானம் போனால் உயிரையே விடுவார்கள் என்று பேசுகிற சொல்லை, மேடை நன்றியுரைக்குப் பயன்படுத்தினால் அதன் கனம் போய்விடும்.

கனம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்துக் கட்டளைகளில் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரேய மூலத்தில் அந்த வினைச்சொல்லின் வேரும் பாரம் என்ற பொருள் கொண்டதுதான். மதிப்பதை எடையாகப் பார்ப்பது அந்த மொழியிலும் உண்டு, நம் மொழியிலும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இது. ஆனால் இன்றைய கட்டுரைக்கு அந்த நடை ஒட்டாது, அங்கே 'மதித்து நட' என்பதே சரி.

உள்ளே இருக்கும் 'ஆனர்'தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842 முதல் 'ஆனர் சிஸ்டம்' நடைமுறையில் இருக்கிறது. தேர்வில் யாரிடமும் உதவி பெறவில்லை என்று மாணவரே உறுதி எழுதிக் கொடுப்பதில் தொடங்கியது அது. இதை 'மரியாதை முறை' என்று ஒரு வரைவில் பார்த்தேன். அதைப் படிப்பவர் ஆசிரியரைக் கண்டதும் எழுந்து நிற்பதைத்தான் நினைப்பார். இங்கே பேச்சு நேர்மையைப் பற்றியது. 'நேர்மை உறுதி முறை' என்றோ, ஒரு வரி கூடினாலும் பரவாயில்லை என்று விளக்கியோ எழுதுங்கள்.

செயலாக வரும்போது அகராதியை மூடி வைத்துவிடலாம். வாக்குக் கொடுத்தவர் அதை 'ஆனர்' செய்தால், வாக்கைக் காப்பாற்றினார். வங்கி காசோலையை 'ஆனர்' செய்தால், ஏற்றுப் பணம் கொடுத்தது. செய்யாவிட்டால் காசோலை திரும்பிவிட்டது, அவ்வளவுதான். 'வங்கி காசோலையை அவமதித்தது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

இனி நான் விட்டுக்கொடுக்காத ஓர் இடம். சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற பிள்ளையையே கொல்வதை ஆங்கிலச் செய்திகள் 'ஆனர் கில்லிங்' என்கின்றன. தமிழில் அது நேராகக் 'கௌரவக் கொலை' ஆகி வெகுகாலம் ஓடியது. அந்தச் சொல் கொன்றவனின் வாயிலிருந்து வருகிறது. தான் செய்ததற்கு அவன் சூட்டிய பெயரை நாமும் சொன்னால், அவன் பக்க நியாயத்தை நாமே எழுதிக் கொடுக்கிறோம். இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் லதா சிங் வழக்கின் தீர்ப்பில், இத்தகைய கொலைகளில் கௌரவமானது எதுவுமே இல்லை, இவை காட்டுமிராண்டித்தனமான, வெட்கக்கேடான கொலைகள் என்று சொன்னது. 'ஆணவக் கொலை' என்று எழுதுங்கள். இப்போது இதழ்களும் பரவலாக அப்படியே எழுதுகின்றன. பழைய ஆவணத்தையோ ஒருவரின் பேச்சையோ அப்படியே மேற்கோள் காட்ட நேர்ந்தால் மட்டும் பழைய சொல்லை மேற்கோள் குறிக்குள் விடுங்கள். 'குடும்ப மானம் போனதால் கொன்றார்' என்பதும் இதே தவறுதான். மானம் போனது என்று செய்தியாளர் சாட்சி சொல்வது போல் ஆகிவிடும். 'குடும்ப மானம் போய்விட்டதாகச் சொல்லிக் கொன்றார்' என்று மாற்றினால், அந்தப் பேச்சு பேசியவனிடமே போய்ச் சேரும்.

அப்புறம் சில சில்லறை இடங்கள். 'ஆனரரி' என்று ஒரு பதவிக்கு முன்னால் வந்தால், சம்பளமில்லாத பதவியா, சிறப்புக்காகத் தரப்பட்டதா என்று பாருங்கள். 'கௌரவச் செயலாளர்' என்ற வழக்கம் இருக்கிறது, ஆனால் ஊதியம் வாங்காதவர் என்பதுதான் செய்தி என்றால் அதையே சொல்லிவிடுங்கள். 'ஆனரேரியம்' மதிப்பூதியம், நல்ல சொல், தயங்காமல் போடலாம். 'ஆனர்ஸ்' பட்டப்படிப்பை ஆனர்ஸ் என்றே விடுங்கள், எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கப் பள்ளியின் 'ஆனர் ரோல்' நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் பட்டியல். பிரிட்டனில் 'ரோல் ஆஃப் ஆனர்' பெரும்பாலும் போரில் உயிர் நீத்தவர்களின் பட்டியல். எந்த நாட்டு எழுத்து என்று பார்க்காமல் தொட்டால், படிக்கும் பிள்ளைகளைக் கல்லறையில் சேர்த்துவிடுவீர்கள்.

இதே ஆபத்து 'இன் ஆனர் ஆஃப்' என்ற தொடரிலும் உண்டு. கை பழக்கத்தில் 'நினைவாக' என்று எழுதிவிடும். மறைந்தவருக்கு அது பொருந்தும். இருப்பவருக்கு 'அவரைச் சிறப்பிக்கும் வகையில்' என்றுதான் எழுத வேண்டும். மூலத்தில் இரண்டுக்கும் ஒரே தொடர் வருவதால் வாக்கியத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.