மீன் தொட்டியில் எதை எதோடு விடலாம்: நன்னீரும் உவர்நீரும்

மீன் வாங்கும்போது எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறோம். அடுத்து "இது சண்டை போடுமா?" என்று கேட்கிறோம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்த மீனுக்கு எந்தத் தண்ணீர் வேண்டும் என்பது. தண்ணீர் ஒத்துவராத இரண்டு மீன்கள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஒரே தொட்டியில் ஏதாவது ஒன்று நலிந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் முதலில் உங்கள் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை), கடினத்தன்மை (கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு) இரண்டையும் சோதித்துவிடுங்கள். கடினமான, பிஎச் 7-க்கு மேல் இருக்கிற தண்ணீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் நன்றாக வரும். மென்மையான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் என்றால் நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, ராஸ்போரா. மருந்து ஊற்றி பிஎச்-சை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதுதான் நல்லது என்பேன். வெப்பநிலையும் இதே கதைதான்: கோல்ட் ஃபிஷ்ஷுக்கு 18 முதல் 22 டிகிரி போதும், டிஸ்கஸ் 28 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும். இரண்டும் நன்னீர் மீன்தான், ஆனால் சேர்க்கவே கூடாது.

அப்புறம் வாய். பெரிய மீனின் வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்கு இரைதான், இதில் நல்ல மீன் கெட்ட மீன் என்று எதுவும் இல்லை. குட்டியாக இருக்கும்போது ஏஞ்சலும் நியானும் ஒன்றாக அழகாகத் திரியும், ஏஞ்சல் வளர வளர நியான் ஒவ்வொன்றாகக் குறையும், அதுவும் பெரும்பாலும் விளக்கு அணைத்த பிறகு நடப்பதால் பலரும் நோய் வந்துவிட்டது என்று நினைத்து மருந்து போடுவார்கள். விரல் அளவு ஆஸ்கர் 30 சென்டிமீட்டர் வரை வளரும். பாசியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிற சக்கர் மீன் 40 சென்டிமீட்டரையும் தாண்டும், போதாததற்கு கோல்ட் ஃபிஷ் மாதிரி மெதுவான மீன்களின் உடம்பில் ஒட்டி மேல்தோலை உறிஞ்சும் பழக்கமும் அதற்கு உண்டு. வாங்கும் அளவை மறந்துவிட்டு, முழு வளர்ச்சி அளவைக் கேட்டு முடிவெடுங்கள்.

வால் கடிக்கிற மீன்களை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். டைகர் பார்ப் இருக்கிற தொட்டியில் கப்பியின் வாலை உற்றுப் பாருங்கள்: விளிம்பில் சின்னச் சின்ன அரைவட்டமாக வெட்டு, அதன் ஓரத்தில் வெண்மை. அந்தக் காயத்தில்தான் அடுத்து பூஞ்சை பிடிக்கும். டைகர் பார்பை இரண்டு மூன்றாக வைத்தால் இந்தத் தொல்லை அதிகம், எட்டு பத்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். அப்போதும் ஏஞ்சல், பைட்டர், கப்பி என்று நீண்ட துடுப்புள்ள எதையும் அதோடு விடாதீர்கள். ஆண் பைட்டர் தொட்டிக்கு ஒன்றுதான், அதோடு ஆண் கப்பியும் வேண்டாம், அந்த வண்ண வாலைப் பார்த்து எதிரி என்று நினைத்துப் பாயும். கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன் அடித்தளத்தில் ஆறு ஏழாக இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை, மணல் மட்டும் வழவழப்பாக இருக்கட்டும்.

இனி உவர்நீர். ஆறு கடலில் கலக்கும் இடத்துத் தண்ணீர் இது. சமையல் உப்பைக் கொஞ்சம் தூவினால் உவர்நீர் ஆகிவிடாது, கடல் மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்புதான் வேண்டும், ஏனென்றால் அதில்தான் கால்சியம், மக்னீசியம் போன்ற மற்ற தாதுக்களும் இருக்கின்றன. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்க ஹைட்ரோமீட்டரோ ரிஃப்ராக்டோமீட்டரோ வாங்கியே ஆக வேண்டும். ஒப்படர்த்தி (உப்பில்லாத தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) 1.005 வேண்டுமென்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் உப்பு, 1.010-க்கு அதைப்போல இரண்டு மடங்கு. வாரத்துக்கு 0.002-க்கு மேல் ஏற்றாதீர்கள், அவசரப்பட்டால் ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியா தாங்காது. தண்ணீர் ஆவியானால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்ததை ஈடுகட்ட நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

இங்கே ஏமாறுவது சுலபம். பச்சைப் புள்ளி பஃபர், மோனோ, ஸ்காட் எல்லாம் குட்டியாக நன்னீரிலேயே விற்கப்படும், சில மாதம் தெம்பாகவும் இருக்கும், பிறகு காரணம் தெரியாமல் நலியும். வளர வளர அவற்றுக்கு உப்பு கூடிக்கொண்டே போக வேண்டும்.

எதை எதோடு? மோனோ, ஸ்காட், ஆர்ச்சர் மூன்றும் 1.010-க்கு அருகில் நன்றாகச் சேரும், ஆனால் 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் முயல வேண்டாம், மோனோவை ஐந்தாறாக விடுங்கள், ஸ்காட்டின் முதுகு முள்ளில் விஷம் உண்டு, வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பம்பிள்பீ கோபி மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், உயிருள்ள இரையை மெதுவாகத் தேடித் தின்னும், அதனால் அவற்றுக்கு 1.003 முதல் 1.006 வரையில் தனித் தொட்டி. மோலியை உப்புக்கு மெல்லப் பழக்கினால் நன்றாக வாழும், அதற்கு ஆரஞ்சு குரோமைட் நல்ல துணை. பஃபரை மட்டும் தனியாகவே வையுங்கள், கண்ணை இரண்டு பக்கமும் தனித்தனியாக உருட்டி நம்மையே பார்க்கும் அந்த மீனுக்கு மற்ற மீனின் துடுப்பு தின்பண்டம்தான். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்கு ஓட்டோடு நத்தை கொடுங்கள்.

விடும்போது சாதுவானவை முதலில், இடத்துக்குச் சண்டை போடுபவை கடைசியில். புது மீன் எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் இருக்கட்டும், பிறகு சேர்த்துவிட்டு, இரை போடும் நேரத்தில் எந்த மீன் ஒதுங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே மீன் மூலையிலேயே நின்றால் அதைப் பழையபடி தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.