பிள்ளையின் பராமரிப்பில் குறை தெரிந்தால்: சைல்ட்மைண்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர்கள், பெற்றோருக்கு அடுத்தபடியாக ஒரு குழந்தையை மிக அருகில் இருந்து காண்பவர்கள். பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ சைல்ட்மைண்டர் ஏஜென்சி ஒன்றிலோ பதிவு செய்துகொண்ட ஒருவர், பொதுவாக எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகள் வரைதான் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறு குழந்தைகள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் பெரிய நர்சரியில் கண்ணில் படாமல் போகக்கூடிய பல விஷயங்கள் இங்கே முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகின்றன. இரவு கட்டிய நாப்பி காலையிலும் மாற்றப்படாமல் கனத்துத் தொங்கும். பால் போத்தலின் நிப்பிளுக்குள் பழைய பால் திரிந்து வளையமாகக் காய்ந்திருக்கும். சப்பாத்து சிறுத்துப்போய், விரல்கள் மடங்கிய தடம் பாதத்தில் பதிந்திருக்கும். இவற்றைப் பார்ப்பதில் பெரும்பாலோர் தவறுவதில்லை. பார்த்ததைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் இடத்தில்தான் தவறுகிறார்கள். அதன் பாதிப்பு, பேசவே தெரியாத குழந்தையின் மேல் விழுகிறது.

இத்தவறுகளில் பெரியது எது என்று கேட்டால், இரக்கப்பட்டுச் செய்வதையே சொல்வேன். குழந்தை வந்ததும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைக் குளிப்பாட்டி, தம் பிள்ளைகளின் பழைய உடுப்பை மாட்டி, வயிறு நிறையக் காலை உணவு கொடுத்து, மாலையில் பளிச்சென்று திருப்பி அனுப்பும் சைல்ட்மைண்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை முடிந்து வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ சுத்தமான, பசியாறிய குழந்தை கையில் கிடைப்பதால், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை முதல் திங்கட்கிழமை காலை வரை அந்தக் கவனிப்பு குழந்தைக்குக் கிடைப்பதில்லை. திங்கட்கிழமை நாப்பியை அவிழ்க்கும்போது தொடை மடிப்பில் தோல் சிவந்து உரிந்திருப்பதும், ஈரத்துணி பட்டவுடன் குழந்தை காலை இறுக்கிக்கொண்டு வீறிடுவதும், அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்பதைக் காட்டிவிடும். இப்படி மாதக்கணக்கில் நாமே ஈடுகட்டிவிட்டு, ஒருநாள் பொறுமையிழந்து பேசத் தொடங்கினால், ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்தின் அலுவலர் கேட்டாலும் காட்டுவதற்கு ஒரு குறிப்பும் இருக்காது. குழந்தையை அழுக்கோடும் பசியோடும் விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. நாப்பியை உடனே மாற்றுங்கள், சாப்பாடு கொடுங்கள். ஆனால் அன்று மாலையே பெற்றோரிடம் அதைச் சொல்லுங்கள், தேதியும் நேரமும் இட்டு எழுதியும் வையுங்கள். புண்ணுக்கு மருந்து பூசுவதானால், கடையில் வாங்கிய மருந்தே ஆனாலும், பெற்றோரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று இ.ஒய்.எஃப்.எஸ். என்னும் அரசு விதித்தொகுப்பு சொல்கிறது. ஆகவே சொல்லாமல் பூசுவது விதிப்படியும் தவறு.

‘ஒரு தடவைதானே, பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது இதற்கு அடுத்த தவறு. ஒரு நாள் நாப்பி மாற்றாமல் வந்தால் அது அவசரத்தில் கிளம்பிய வீடாக இருக்கலாம். அதைப் புறக்கணிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தையின் அடிப்படைத் தேவைகளை விடாமல் தொடர்ந்து நிறைவேற்றத் தவறி, அதனால் அதன் உடல்நலமோ வளர்ச்சியோ கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை வருவதையே அங்குள்ள அரசு வழிகாட்டுதல் புறக்கணிப்பு என்கிறது. தொடர்ந்து நடப்பது என்பதே அதன் அடையாளம் என்பதால்தான், சிறியதாகத் தெரியும் முதல் இரண்டு மூன்று சம்பவங்களின் குறிப்புகளும் பின்னாளில் தேவைப்படுகின்றன. பெற்றோருக்கும் இது நல்லது. விஷயம் சிறியதாக இருக்கும்போது பேச்சும் சிறியதாகவே முடிந்துவிடும்; பெரும்பாலான வீடுகளில் ஒரே பேச்சில் சரியாகிவிடுவதும் உண்டு.

எப்போது, எங்கே பேசுவது என்பதில் நடக்கும் தவறுகள் கண்கூடானவை. மாலை ஆறு மணிக்கு வாசலில், காரை நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு வந்தவரிடம், இன்னொரு பெற்றோர் பக்கத்தில் நிற்க, குழந்தை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, இதைத் தொடங்கவே கூடாது. அன்றே சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக, தனியாகச் சொல்லிவிட்டு, விரிவாகப் பேசுவதற்கு மறுநாளே ஒரு நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டு போக வரும் பாட்டியிடமோ சித்தியிடமோ சொல்லி அனுப்புவதும் தவறுதான். அது வீட்டை அடைவதற்குள் வேறு விதமாக மாறிவிடும்; தாய் தன் மாமியார் முன்னால் கூனிக்குறுக நேரலாம். குழந்தைக்குச் சட்டப்படி பெற்றோர் பொறுப்பு யாருக்கு இருக்கிறது என்பது சேர்க்கை விவரங்களிலேயே இருக்கும். பேச வேண்டியது அவர்களிடம்தான்.

தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்க்கும் தமிழ்ச் சைல்ட்மைண்டர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. பெற்றோர் நம்மை ‘அக்கா’ என்று அழைப்பார்கள், கோயிலிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் முகம் பார்ப்போம். அந்த உறவு வாயை அடைத்துவிடுகிறது. அல்லது, மூத்தவள் என்ற உரிமையில் கண்டிக்க வைத்துவிடுகிறது. இரண்டுமே குழந்தைக்கு உதவாது. ‘பிள்ளையைச் சுத்தமாகவே அனுப்புவதில்லையே, நாங்களெல்லாம் நான்கு பிள்ளைகளை வளர்க்கவில்லையா?’ என்று தொடங்கும் பேச்சில் தாய் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பாள். அதற்குப் பதிலாக, கண்ணால் கண்டதை நாளோடு சொல்ல வேண்டும்: ‘தங்கச்சி, செவ்வாயும் வியாழனும் காலையில் வந்தபோது நாப்பி மிகவும் கனமாக இருந்தது. தொடையிடுக்கில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருக்கிறது, துடைக்கும்போது அழுகிறான். வீட்டிலும் அப்படி அழுகிறானா?’ இதற்குமேல் ஒன்றும் சேர்க்காமல் பதிலுக்குக் காத்திருங்கள். ‘சோம்பல்’, ‘பொறுப்பில்லை’, ‘அழுக்கு’ ஆகிய சொற்கள் பெற்றோரை எடை போடுகின்றனவே தவிர, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெரிவிப்பதில்லை.

அப்படிக் காத்திருந்து கேட்டால் வரும் பதில்கள் பலமுறை நாம் எண்ணியதாக இருப்பதில்லை. நாப்பி வாங்கப் பணம் போதாமல் ஒன்றையே நீட்டித்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கவுன்சில் தந்த தற்காலிக அறையில், துணி துவைக்க இயந்திரம் இல்லாமல், பூஞ்சணம் படிந்த சுவருக்குப் பக்கத்தில் துணி காயப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வை யாரிடமும் சொல்லாமல் நாளைத் தள்ளுகிற தாய்மார் இருக்கிறார்கள். வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம். அதேசமயம், வறுமை என்று தெரிந்தவுடன் மனம் இளகி விஷயத்தை அப்படியே விட்டுவிடுவதும் தவறு, ஏனென்றால் குழந்தையின் தோல் அப்போதும் உரிந்துகொண்டுதான் இருக்கும். இங்கே கைகொடுக்க வேண்டியது நடைமுறை உதவி. நாப்பியும் உடுப்பும் இலவசமாகத் தரும் பேபி பேங்குகள் பல ஊர்களில் உண்டு. வருமானம் குறைந்த, தகுதியுள்ள குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பாலும் பழமும் காய்கறியும் வாங்க ‘ஹெல்தி ஸ்டார்ட்’ திட்டம் உதவுகிறது. பள்ளி வயதுக்கு முன்னுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஹெல்த் விசிட்டர் எனப்படும் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரின் சேவை உண்டு; தாயின் மனநிலையைப் பற்றியும் அவரிடம் பேசலாம்.

நம் வழக்கத்தை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது இன்னொரு தவறு. தினமும் குளிக்காத குழந்தையைக் கண்டால் நமக்கு முகம் சுளிக்கும். ஆனால் குழந்தையைத் தினமும் குளிப்பாட்ட வேண்டியதில்லை என்பதே அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கூறும் அறிவுரை. மறுபுறம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையை, கழுவாத தலை என்று ஓர் ஆங்கிலேய சைல்ட்மைண்டர் குறித்து வைக்கக்கூடும். நமக்குப் பழகிப்போனதாலேயே நாம் கண்டுகொள்ளாமல் விடுவனவும் உண்டு. இரண்டு வயதிலும் இனிப்புக் கலந்த பாலைப் போத்தலில் குடித்துக்கொண்டே தூங்கும் பிள்ளை நம் வீடுகளில் புதிதல்ல. ஒரு வயதுக்குப் பிறகு போத்தலை விட்டுக் கோப்பைக்கு மாற வேண்டும், முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃபுளோரைடு பற்பசை கொண்டு துலக்க வேண்டும் என்பவை அங்கே பொதுவான அறிவுரைகள். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிவது பற்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம், பிள்ளைகளுக்கு என்.எச்.எஸ். பல் மருத்துவம் இலவசம் என்பதால் இதைச் சொல்லத் தயங்க ஒரு காரணமும் இல்லை. தெற்காசியக் குழந்தைகளின் முதுகின் கீழ்ப்பகுதியிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே காணப்படும் நீலச்சாம்பல் நிற மச்சத்தை அடிபட்ட கன்றலாக எண்ணிவிடுவோரும் உண்டு. சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கேட்டு அதைப் பதிவு செய்துகொண்டால், பின்னால் வீண் சந்தேகமும் எழாது, உண்மையான காயம் மச்சம் என்று தள்ளப்படவும் மாட்டாது.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்; குழந்தையின் மறைவிடம் தெரியும் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கவே கூடாது. உடலின் வெற்று வரைபடம் ஒன்றில் இடத்தைக் குறித்து, அளவையும் நிறத்தையும் சொற்களால் எழுதினால் போதும். மற்றப் பெற்றோரிடமோ, பெயர் சொல்லாமலேயே ஆனாலும் ஊர்க்காரர்களிடமோ இதைப் பற்றிப் பேசாதீர்கள். நம் சமூகத்தில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதுவரை சொன்னவை யாவும் பெற்றோரிடம் பேசிச் சரிசெய்யக்கூடியவை. பெற்றோரிடம் முதலில் பேசவே கூடாத நிலைகளும் உண்டு, அங்கேயும் பேசிப் பார்க்கலாம் என்று எண்ணுவது ஆபத்தான தவறு. உருளவோ தவழவோ தொடங்காத கைக்குழந்தையின் உடலில் கன்றிய காயம், விளக்கத்தோடு பொருந்தாத சூட்டுக்காயம், யாரோ தன்னை அடித்ததாகவோ தொட்டதாகவோ குழந்தையே சொல்வது ஆகியவை அப்படிப்பட்டவை. பேசினால் குழந்தைக்கு ஆபத்து கூடுமோ என்ற அச்சம் இருக்கும் இடத்தில் நேராக உள்ளூர்க் கவுன்சிலின் குழந்தைகள் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைக்க வேண்டும். உடனடி ஆபத்தானால் 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

‘டாக்டர் பார்த்துவிட்டார், இனி என் வேலை முடிந்தது’ என்று நிம்மதியடைவதும் தவிர்க்க வேண்டியதே. விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி லண்டனில் 2000 பிப்ரவரியில் இறந்தாள். அவளைக் கொடுமைப்படுத்திய, பாட்டி முறையான உறவுப் பெண்ணும் அப்பெண்ணின் துணைவரும் கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். இறப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1999 ஜூலையில், அவளைப் பார்த்துக்கொண்ட பதிவு பெறாத சைல்ட்மைண்டரின் குடும்பம் அவள் உடலில் இருந்த காயங்களைக் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. அங்கே முதலில் சந்தேகம் எழுந்தபோதும், மூத்த மருத்துவர் ஒருவர் அவை சொறிசிரங்கால் வந்தவை என்று முடிவு செய்தார். சிறுமி தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களிடமே திரும்பினாள். அவள் மரணம் பற்றி 2003இல் வெளியான லார்ட் லேமிங் விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து 2004இல் புதிய குழந்தைகள் சட்டமே இயற்றப்பட்டது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் கண் அன்று சரியாகத்தான் கண்டது. ஆகவே மேலே உள்ளவர் ஒரு விளக்கம் தந்துவிட்டார் என்பதற்காக நாம் கண்டதைக் கைவிட வேண்டியதில்லை. மறுபடி கண்டால் மறுபடி சொல்ல வேண்டும்.

கவுன்சிலை அழைக்கத் தயங்குவோர் சொல்லும் காரணங்கள் இரண்டு. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது ஒன்று. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 47ஆம் பிரிவுதான் கடுமையான தீங்கு பற்றிய விசாரணைக்கு உரியது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் குழந்தைகளின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் கடமையைக் கவுன்சிலின் மேல் வைக்கிறது. அழைத்தாலே பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பொருளில்லை. பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், வருமானம் போய்விடும் என்பது மற்றொன்று. அந்தப் பயம் உண்மையானது, அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனாலும் வருமானத்தைக் குழந்தையின் பாதுகாப்புக்கு மேலாக வைக்க இந்தத் தொழிலில் இடமில்லை. சொல்வதால் குழந்தைக்கு ஆபத்து அதிகமாகாது என்று தெரிந்தால், அழைக்கப்போவதைப் பெற்றோரிடம் நேராகச் சொல்லி அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். குழந்தைக்குத் தீங்கு நேரும் என்ற நியாயமான கவலை இருக்குமானால், சம்மதம் கிடைக்கவில்லை என்பதும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தடையாகா. பேச்சுக்குப் பின் பிள்ளை சொல்லாமல் வராமல் நின்றால், பணம் வராத கணக்காக மட்டும் அதைப் பார்க்காமல், அன்றே அழைத்து விசாரித்து அதையும் எழுதுங்கள்.

அழைப்பை முடித்தபின் பேசியவரின் பெயர், நேரம், அவர் சொன்னது ஆகியவற்றைக் குறித்து, விவரத்தை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். தகவல் கிடைத்த ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன செய்வது என்று சமூகப் பணியாளர் முடிவு செய்ய வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். பதில் வராவிட்டால் மீண்டும் அழையுங்கள். வந்த பதில் பொருத்தமாகப் படாவிட்டால் அவருடைய மேலாளரிடம் பேசக் கேளுங்கள்.