பழைய பிஎஸ்2 ஸ்லிம்முக்கு உள்ளுக்கயே வைஃபை வைக்கிறது எப்பிடி

எங்கட வீட்டில ரௌட்டர் முன் விறாந்தையில, பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டி) பின் அறையில. ஹோலுக்குக் குறுக்கால ஒரு நீலக் கேபிள் கனநாளா ஓடினது, ஒருநாள் அம்மம்மா அதில தடக்குப்பட்டு விழப்பாத்தா, அண்டைக்கே கேபிளைச் சுருட்டிப்போட்டு இந்த வேலையில இறங்கினன்.

ஸ்லிம் 2004 இல வரேக்கயே பின்னால நெட்வேர்க் போர்ட் இருந்தது, வைஃபைதான் இல்லை. அந்த போர்ட் 100 மெகாபிட், முன்னால இருக்கிற யூஎஸ்பி வெறும் 12 மெகாபிட், அதாலதான் பென்ட்ரைவில கேம் போட்டா இடையில வாற வீடியோ விக்கி விக்கி ஓடுது. லப்டொப்பில கேமை வச்சு, ஓபிஎல் எண்ட, டிஸ்க் இல்லாமல் கேம் ஓட்டுற சொஃப்ட்வெயரால நெட்வேர்க் வழியா விளையாடினா எவ்வளவோ திறம்.

முதல் அடியில இருக்கிற மொடல் நம்பரைப் பாருங்கோ. 70, 75, 77, 79 இல தொடங்கினா வெளி அடப்டர், உள்ள வாறது 8.5 வோல்ட்தான். 90 இல தொடங்கினா பவர் சப்ளை உள்ளுக்கயே, 230 வோல்ட் உள்ள கிடக்கும், பழகிறாக்கள் அதைத் திறக்கவே வேண்டாம்.

வாங்கவேண்டியது 5 வோல்ட்டில ஓடுற குட்டி ரௌட்டர், கிளையண்ட் மோட், அதாவது வீட்டு வைஃபையைப் பிடிச்சு கேபிளால பிஎஸ்2க்குக் குடுக்கிற வசதி, கட்டாயம் இருக்கோணும். அதை வீட்டு வைஃபையோட இணைச்சு, அதின்ர ஐபியை மாத்திவிடுங்கோ, வீட்டு ரௌட்டர் 192.168.1.1 எண்டா இதுக்கு 192.168.1.250 மாதிரி.

இப்ப ஆணி ஒண்டையும் கழட்டாதேங்கோ! குட்டி ரௌட்டருக்கு பிஎஸ்2இன்ர யூஎஸ்பியில இருந்தே கரண்ட் குடுத்து, நெட்வேர்க் கேபிளையும் குத்தி, ஒரு மணித்தியாலம் கேம் ஓடவிடுங்கோ. யூஎஸ்பி தாறது 500 மில்லிஅம்பியர், அதுக்கு மேல இழுக்கிற ரௌட்டர் எண்டா இடையில நிண்டு நிண்டு வரும், அது வெளியில இருக்கேக்கயே தெரிஞ்சா நல்லது. லப்டொப்பில எஸ்எம்பி 1 ஐ ஓன் பண்ணோணும், அது நெட்வேர்க்கில ஃபைல் பகிர்ற பழைய, பாதுகாப்புக் குறைஞ்ச முறை, அதால பாங்க் வேலை செய்யிற லப்டொப்பில செய்யாதேங்கோ.

எல்லாம் சரியெண்டா அடப்டரைக் கழட்டிப்போட்டுத் திறவுங்கோ. ஆணியள் அடியில றப்பர் மூடியளுக்குக் கீழ இருக்கும். மேல் மூடியை ஒரேயடியா இழுக்கவேண்டாம், பட்டனுக்குப் போற ரிப்பன் பேப்பர் மாதிரி மெல்லிசு, கிழிஞ்சா ஒட்டேலாது.

இடம் எவ்வளவு எண்டு கண்ணால சொல்லேலாது. நான் ரொட்டிக்குக் குழைச்ச கோதுமை மாவில ஒரு உருண்டையை சொப்பின் துண்டில சுத்தி, ரௌட்டர் வைக்க நினைச்ச இடத்தில வச்சு மூடியை அமத்தித் திறந்து பாத்தனான், மா எவ்வளவு தடிப்பில நசுங்கி நிக்குதோ அவ்வளவுதான் இடம். கோது கழட்டின ரௌட்டரின்ர சர்க்கிட் பலகை அதுக்குள்ள அடங்கோணும், டிஸ்க் சுத்திற இடத்துக்கும் லென்ஸ் ஓடுற பாதைக்கும் கிட்டவும் போகக்கூடாது.

கரண்டுக்கு யூஎஸ்பி போர்ட்டின்ர 4 கால்ல ரெண்டு ஓரக் காலும் காணும். மல்ரிமீட்டரை பீப்பில வச்சு, ஒரு முனையை அந்த போர்ட்டைச் சுத்தியிருக்கிற தகரத்திலயும் மற்றதை ஓரக் கால்லயும் தொட்டுப்பாருங்கோ, பீப் அடிக்கிற ஓரம் நெகட்டிவ், மற்ற ஓரம் 5 வோல்ட். மெல்லிய வயர் ரெண்டு, கொஞ்ச ஈயம், பக்கத்துக் காலோட ஒட்டாமல். சோல்டரிங் பழக்கம் இல்லையெண்டா ரவுணில ஃபோன் ரிப்பேர் செய்யிற பெடியனிட்டக் குடுங்கோ, அஞ்சு நிமிச வேலை.

நெட்வேர்க் லைனையும் உள்ளுக்கயே சோல்டர் பண்ணுறாக்கள் இருக்கினம், முதல்தரம் செய்யிற ஆளுக்கு அது வேண்டாம். ஒரு சாண் தட்டைக் கேபிள் வாங்கி, பின் போர்ட்டில குத்தி, பிளாஸ்டிக்கில அரத்தால சின்ன வெட்டு எடுத்து உள்ள விடுங்கோ.

ரௌட்டரின்ர அன்ரெனா பிஎஸ்2இன்ர உள்ளுக்க இருக்கிற தகரக் கவசத்துக்குக் கீழ போகவே கூடாது, போனா சிக்னல் செத்துப்போகும். கவசத்துக்கு மேல, பிளாஸ்டிக்குக்குக் கீழ ஒட்டுங்கோ, ரௌட்டர் பலகைக்கு அடியில கப்டன் ரேப் (சூடு தாங்கிற, கரண்ட் கடத்தாத ரேப்) போடுங்கோ.

மூடின பிறகு பிஎஸ்2ஐப் போட்ட உடன ஓபிஎல்லைத் திறந்தா நெட்வேர்க் பிழை எண்டு காட்டும், ரௌட்டர் எழும்ப நேரம் எடுக்கும், ஒரு நிமிசம் பொறுத்துத் திறவுங்கோ.