வண்டி நிறுத்துமிடத்துக்குக் குறைந்த செலவில் கேமரா தேர்ந்தெடுப்பது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவரானாலும், காங்கயத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவரானாலும், வண்டி நிறுத்துமிடத்துக்குக் கேமரா வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்ங்க?" என்பதைத்தான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்த இடத்தில், எத்தனை மீட்டர் தொலைவில், எதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது. இது தெரிந்துவிட்டால் விலை குறைந்த 2 மெகாபிக்சல் கேமராவே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். தெரியாமல் 8 மெகாபிக்சல் வாங்கி உயரத்தில் மாட்டினால், வந்தவர் போட்டிருந்த தொப்பிதான் பதிவாகும்.

ஒரு தாளில் இடத்தை வரைந்து, கேட் எங்கே, பைக் ஸ்டாண்டு எங்கே, சரக்கு டெம்போ எங்கே நிற்கிறது, ஆட்கள் எந்த வழியாக உள்ளே நடந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட்டில் வண்டி எண் வேண்டும், நடைவழியில் முகம் வேண்டும், மற்ற இடங்களில் யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரிந்தாலே போதும். இந்த மூன்றையும் ஒரே கேமராவிடம் எதிர்பார்ப்பதுதான் வீண்செலவுக்கு முதல் காரணம்.

முன்பின் தெரியாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. ஆள் நடமாட்டம் தெரிவதற்கு 25 பிக்சலே போதும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல் என்பதால், முகம் தெரிய வேண்டுமானால் காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டக் கூடாது. கடைகளில் பொதுவாகக் கொடுக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் 10 மீட்டர் தொலைவிலேயே சுமார் 20 மீட்டர் அகலத்தைப் பிடித்துவிடும். அதில் முகம் தெரிவது நான்கு மீட்டருக்குள்தான். 6 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் எட்டு மீட்டர் வரையிலும், 12 மில்லிமீட்டர் என்றால் பதினாறு மீட்டர் வரையிலும் முகம் கிடைக்கும், ஆனால் பக்கவாட்டில் பார்வை சுருங்கிவிடும். ஆகவே பொதுப் பார்வைக்கு 2.8, நடைவழிக்கு 6 என்று லென்ஸின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குவதே, மெகாபிக்சலைக் கூட்டுவதைவிடப் பணத்தை மிச்சப்படுத்தும் வழி. முகம் பிடிக்கும் கேமராவை மூன்று, மூன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். இரு சக்கர வண்டியில் வருபவர் ஹெல்மெட்டுடன்தான் கேட்டைத் தாண்டுகிறார் என்பதால், முகத்துக்கான கேமரா, ஸ்டாண்டிலிருந்து அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடந்து வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

கேட்டில்தான் அதிகக் கவனம் தேவை. இரவில் சாதாரண கேமரா, படம் பதியும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்திருக்கும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் சுமார் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால் எண்கள் கரைந்து போகும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடி அளவுக்குக் கையால் அமைக்க முடிகிற கேமராவை இந்த ஓர் இடத்துக்கு மட்டும் வாங்கி, கேட்டை ஒட்டி ஒரு வேகத்தடையும் போட்டுவிட்டால், விலை உயர்ந்த எண் பலகைக் கேமராவுக்கு அவசியமே இருக்காது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இப்படிக் குறைத்தால் படம் இருண்டுவிடும் என்பதால் கேட்டில் நல்ல விளக்கும் வேண்டும். பைக்கின் முன் பலகை மெல்லிய பட்டை. பின் பலகையில்தான் எழுத்துகள் பெரியவை. எனவே கேமரா உள்ளேயிருந்து, வெளியேறும் வண்டியின் பின்புறத்தைப் பார்த்திருப்பது நல்லது. அப்போது உள்ளே வரும் வண்டிகளின் முகப்பு விளக்கும், மேற்குப் பார்த்த கேட்டாக இருந்தால் சாயங்கால வெயிலும் கண்ணைப் பறிக்குமாதலால், கூசும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன் செய்யும் டபிள்யூடிஆர் (WDR) வசதி 120 டெசிபல் அளவில் உள்ளதா என்று கேளுங்கள்.

இருட்டில் 30 மீட்டர் தெரியும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் அகச்சிவப்பு விளக்கின் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அந்த விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பூச்சிகள் மொய்க்கும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், காலையில் பார்த்தால் இரவு முழுவதும் வெள்ளை நூல் ஆடியதுதான் பதிவாகியிருக்கும். கேமராவிலிருந்து சில அடி தள்ளி ஓர் எல்இடி விளக்கைப் போட்டு, அகச்சிவப்பை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறைவதோடு, சட்டையின் நிறமும் வண்டியின் நிறமும் தெரியும். மெகாபிக்சல் கூடக்கூட ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும் என்பதால், விலை மலிவான 8 மெகாபிக்சல் கேமரா இரவில் 2 மெகாபிக்சலிடம் தோற்பதும் உண்டு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கங்களில் மெல்லிய ஜிஐ பைப்பில் மாட்டிய கேமரா ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆடிக்கொண்டே இருக்கும். 12 மில்லிமீட்டர் லென்ஸாக இருந்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். முடிந்தவரை சுவரில் மாட்டுங்கள். கம்பம்தான் வழி என்றால் கனமான பைப்பைக் கான்கிரீட்டில் ஊன்றி, எர்த்தும், திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பும் கட்டாயம் வையுங்கள். சித்திரை, ஐப்பசி இடி மின்னலில் முதலில் போவது கம்பத்துக் கேமராவும் அதோடு இணைந்த ரெக்கார்டரும்தான். தூசிக்கும் மழைக்கும், தென்னை நார் ஆலைத் தூசிக்கும்கூட, தூசியும் நீரும் புகாமைக்கான ஐபி66 (IP66) தரம் போதுமானது.

ஏற்கெனவே டிவி கேபிள் போன்ற கோஆக்ஸியல் கேபிளும் அதற்கான ரெக்கார்டரான டிவிஆரும் இருந்தால், அதே வகைக் கேபிளில் தெளிவான படம் அனுப்பும் எச்டி அனலாக் கேமராவை மாட்டுவதே மிக மலிவு. புதிதாகப் போடுபவர்கள் ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ (PoE) முறையை எடுக்கலாம். ஆனால் கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிள் முழுச் செம்பா என்று பாருங்கள். முனையிலுள்ள கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம்; தொலைவு கூடினால் அதில் மின்னழுத்தம் குறைந்து, இரவு விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். வைஃபை கேமராவின் சிக்னல் தகரக் கூரைக்கும் லாரிக்கும் இடையில் நிலைக்காது.

வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் ஒரு 2 மெகாபிக்சல் கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் (2 எம்பிபிஎஸ்) என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் சுமார் 23 நாள் தாங்கும். கண்காணிப்புக்கென்று வரும் டிஸ்க்கையே கேளுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதை அல்ல. கரண்ட் போனாலும் ரெக்கார்டரும், கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ சுவிட்சும் ஓட, இரண்டையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும்.

2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம் என்பதால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் மாடலின் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். ரெக்கார்டரின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். காவல் நிலையத்துக்குப் பதிவைக் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழும் தேவைப்படும், அதில் நேரக் குழப்பம் இருந்தால் கேள்வி வரும்.

கோட்டேஷனில் லென்ஸ் அளவு, கேபிளின் வகை, டிஸ்க்கின் அளவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். மொத்தப் பணத்தையும் மாட்டிய அன்றே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, அன்று இரவு ஒன்பது மணிக்கு உங்கள் பைக்கைக் கேட்டின் வழியாக ஓட்டச் சொல்லுங்கள். பதிவை ஓட்டிப் பார்த்து எண்ணை வாசிக்க முடிந்தால் மீதியைக் கொடுங்கள்.